கோயிலைத் தாண்டியும் கிறிஸ்தவராக இருக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை. பெரும்பாலும் சண்டே ஸ்கூல் முடிந்து நாற்காலி அடுக்கும்போது. இல்லையென்றால் கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும்போது. நான் ஐயர் இல்லை (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சபை குருவானவரை ஐயர் என்றும், சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம்). இறையியல் படித்தவனும் இல்லை. கேட்டவர்களுக்கு அப்போதைக்கு ஏதோ சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து யோசித்து, ‘இப்படிச் சொல்லியிருக்கலாமே’ என்று பட்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

சடங்கைத் தாண்டிய உண்மையான விசுவாசம் என்கிறார்களே, அது என்ன? கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுவதா?

நிறுத்துவது ரொம்பச் சுலபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அதனால் விசுவாசம் உண்மையாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கேட்பவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. எங்கள் சபைகளில் ஒரு ஆள் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெறுகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் வயதில் திடப்படுத்தல் (சிறுவயது ஞானஸ்நானத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு). அப்புறம் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்துக் கல்யாணம். கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பக்கத்தில் ஒரு குழி. இந்த நான்குக்கும் நடுவில் கடவுளைப் பற்றி ஒரு தடவைகூட உட்கார்ந்து யோசிக்காமலே அவர் கடந்துபோய்விடலாம். சபைச் சந்தா பாக்கி இல்லாமல் இருந்தால் போதும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சந்தா பாக்கி இருந்தால்தான் கேட்பார்கள்.

அதே நேரம், எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு முப்பது சங்கீதத்துக்கு (பைபிளில் உள்ள ஜெபப் பாடல்கள்) மேல் மனப்பாடம். எல்லாம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்தது. தாத்தா இறந்த ராத்திரி அவள் அழவில்லை. விடியும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தை வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, மனிதர் உண்டாக்கிய மரபை எல்லாம் விட்டுவிட்டு பைபிளில் இருக்கிறபடி மட்டும் நடந்தால்?

நடந்து பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நாசரேத் பக்கத்தில் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை. ஐரோப்பிய மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியே வந்தவர். நாடார்களைத் தாழ்வாகச் சித்திரித்து 1849-ல் மிஷனரி கால்டுவெல் எழுதிய சிறு நூல் அந்தச் சமூகத்தில் கிளப்பிய கொதிப்பும் அதற்குப் பின்னால் இருந்தது. 1857 வாக்கில் முக்குப்பீறியில் தனியாகச் சபை தொடங்கினார். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், வெள்ளைக்காரர் வழக்கமும் வேண்டாம் என்பது கொள்கை. ‘இந்து’ என்ற சொல்லைச் சபையின் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மேற்கத்திய மரபை உதறியவர்கள் நேராகப் பழைய ஏற்பாட்டுக்குப் போனார்கள். ஓய்வுநாள் ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாறியது. லேவியராகமத்துச் சுத்த ஆசாரங்கள் வந்து சேர்ந்தன. ஒரு சடங்குமுறையிலிருந்து விடுதலை வாங்கி இன்னொன்றுக்குள் குடியேறினார்கள்.

நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய சுயமரியாதைக் கோபம் நியாயமானது. மனிதர் நாலு பேர் சேர்ந்து கும்பிட்டால் ஆறு மாதத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிடும். யார் எங்கே உட்காருவது, எந்தப் பாட்டு முதலில், யார் ஜெபம் நீளமாக இருக்கும் என்பதெல்லாம் எழுதாமலே சட்டமாகிவிடும். வழக்கமே இல்லாத சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் சபையில் வழக்கமே கிடையாது என்று பெருமையாகச் சொல்லும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். அதை அவர்கள் வாரம் தவறாமல் சொல்வார்கள்.

அப்படியென்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? யார் முடிவு செய்வது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. எனக்குத் தெரிந்து இதில் நமக்கு மிகப் பெரிய பாடம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார்தான்.

1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸின் கவனிப்பில் படித்தவர்தான். கிறிஸ்தவப் பொருளில் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் சாஸ்திரியார். இன்றைக்கும் அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்ச் சபைகளில் ஆராதனை நடக்காது.

அவர் காலத்தில் புதிதாக வந்த மிஷனரிகள் தஞ்சாவூர்ச் சபையைச் சீர்திருத்தக் கிளம்பினார்கள். 1820களின் கடைசியில் சாஸ்திரியார் அவர்களை எதிர்த்து எழுதினார். அவர் அடுக்கிய குறைகள் நான்கு: பழகிய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகை, கல்யாணம், சாவு வீடுகளில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒதுக்குகிறார்கள், சாதி வேற்றுமையை விட்டு எல்லாரும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது நான் முழுக்க அவர் பக்கம். கடவுளுக்குத் தமிழ் ராகம் பிடிக்காது, லண்டன் ராகம்தான் பிடிக்கும் என்று எவன் சொன்னான்? பூவில் என்ன பாவம்? ஆனால் நான்காவது வரும்போது கால் தடுக்குகிறது. அதே மனிதர், அதே பேனா, அதே உருக்கம். தமிழ் இசையைக் காத்த அந்த வாதத்தை அப்படியே எடுத்துச் சாதியைக் காக்கவும் பயன்படுத்துகிறார்: இது எங்கள் நாட்டு வழக்கம், இதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மிஷனரிகள் பக்கமும் இதே குழப்பம்தான், தலைகீழாக. சாதியை விடு என்று சரியாகச் சொன்னவர்கள் அதே மூச்சில் பூவையும் விடு என்றார்கள். இரண்டும் அவர்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் அடியோடும் விடப்பட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த லெய்ப்சிக் மிஷன் லுத்தரன்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வாக இருந்ததால், பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சபை மாறுவதற்கு அன்றைக்கே எத்தனை காரணங்கள் இருந்தன, பாருங்கள்!

பூ, பாட்டு, சாதி மூன்றுமே மரபுதான். மரபு என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது. அந்த வழக்கத்தால் யாருக்கு வலிக்கிறது என்று நான் பார்க்கிறேன். பூவால் யாரும் வாசலில் நிறுத்தப்படவில்லை.

அப்போது உண்மையான விசுவாசத்துக்கு அடையாளம் என்ன? ஆவியின் வரமா, வேத அறிவா, ஒழுக்கமா?

பந்தி என்பது என் பதில். சிரிக்காதீர்கள்.

புதிய ஏற்பாட்டில் விசுவாசத்தைப் பற்றிய சண்டைகள் எங்கே வெடிக்கின்றன என்று கவனித்துப் படியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதர் அல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெதுவாக எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக் கேட்டார் (கலாத்தியர் 2). பேதுருவின் உபதேசத்தில் பவுல் குறை கண்டதாக அங்கே இல்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்ததுதான் குற்றம். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே (நற்கருணை, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) அல்ல என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11). வார்த்தைகள் சரி, அப்பம் சரி, திராட்சரசம் சரி. ஆனாலும் அது அல்ல. சடங்கு செல்லாமல் போவதற்குப் பைபிள் தரும் தெளிவான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நம் சரித்திரத்தோடு வைத்துப் பாருங்கள். தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் (குருவானவருக்குக் கீழே போதிக்கும் ஊழியர்) இருந்தார். பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாடு கையில் கிடைத்து, அதை வாசித்தே மிஷனைத் தேடி வந்தவர். அவருடைய உழைப்பை மிஷனரிகள் மெச்சினார்கள். தமிழர்களிலிருந்து முதல் புராட்டஸ்டன்ட் குருவானவராக 1733-ல் அபிஷேகம் பெற்றவர் ஆரோன்; அவர் வெள்ளாளர். 1741-ல் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற தயக்கம் வந்தது. தியோகுவுக்கு அபிஷேகம் ஆயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தை ஊரில் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் மண்டபம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். இரண்டு பேரும் ஒரே பூசையைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இதற்கென்று ஒரு பொறியாளர் மூளையைக் கசக்கியிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1910-ல் அந்தப் பிரிவினையைச் சபைத் தலைமையே இடித்தது. வெள்ளாளர் தரப்பு உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

அதெல்லாம் பழைய கதை. இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் மணமகள் தேவை விளம்பரத்தைப் படியுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, சாதிப் பெயர். ‘ஜெபிக்கிற குடும்பம்’ என்பது அதற்கு அப்புறம்தான். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நடுவே எழுப்பிய சுவருக்காக எத்தனையோ ஆண்டு போராட்டம் நடந்திருக்கிறது. செத்த பிறகும் யாரோ பந்தி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லதும் உண்டு. தேவசகாயம் 1745-ல் இதே வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ இல்லை. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் வாதம் நடந்த பிறகுதான் அது நீங்கியது. என்னைக் கேட்டால், அவரே இருந்திருந்தால் நீக்கச் சொல்லியிருப்பார். எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

என் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். வருஷா வருஷம் எங்கள் சபையில் அசனப் பண்டிகை நடக்கும். தெரியாதவர்களுக்கு: கோயில் வளாகத்தில் மூட்டை மூட்டையாக அரிசி பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கிழக்குத் தெருக்காரர்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள். எல்லாம் முடிந்தபின் தூக்குச்சட்டியோடு வந்து வரிசையில் நிற்பார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் அவர்களை உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. யாரும் உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை. அவர்களும் எங்கள் சபை அங்கத்தினர்கள்தான், சந்தா கட்டுகிறவர்கள்தான். நானும் பல வருஷம் பரிமாறியிருக்கிறேன். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பாரம்பரியச் சபை செத்துப்போய்விட்டது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் உயிருள்ள விசுவாசம் கிடைக்குமா?

பலருக்குக் கிடைத்திருக்கிறது. குடியை விட்டவர்களை, அடியை நிறுத்திய கணவர்களை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நீங்கள் ரட்சிக்கப்பட்டீர்களா என்ற கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்கும் துணிச்சலும் எங்கள் சபைகளில் இல்லை.

ஆனால் மேளம் இருந்தால் உயிர் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணீர், கைதட்டல், அந்நியபாஷை எல்லாமே பழக்கமாகிவிடக் கூடியவை. எந்தப் பாட்டின் எந்த வரியில் கீபோர்டு தாழ்ந்து, எங்கே எல்லாரும் அழ ஆரம்பிப்பார்கள் என்று ஆறு வாரம் போனவர்களுக்குத் தெரியும். அச்சடித்த ஜெபம் மட்டும்தான் சடங்கு என்று யார் சொன்னது?

பக்த் சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், 1941-ல் சென்னையில் தனிச் சபையைத் தொடங்கினார். சம்பளத்துக்கு ஐயர் இல்லை, பெஞ்சு இல்லை. எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிந்ததும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்; அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். மணிக்கணக்கில் நீண்ட அவருடைய பிரசங்கங்களைவிட அந்தச் சாப்பாடு என்னை யோசிக்க வைக்கிறது. 1941 சென்னையில் யார் சமைத்தது என்று கேட்காமல் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது சின்ன விஷயமா?

சபையே வேண்டாம், வீட்டில் பைபிள் வாசித்து ஜெபித்தால் போதாதா?

இது சோம்பேறிக் கேள்வி இல்லை. பெரிய மனிதர்களே கேட்டிருக்கிறார்கள். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் கூடியது. அதற்குச் சற்று முன்னால் சென்னையில் சில இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் மாற்றுக் கருத்துகளை அச்சடித்து வெளியிட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும், பின்னால் சென்னை மேயரான வி. சக்கரையும் அவர்களில் முக்கியமானவர்கள். இயேசுவோடு சேர்த்து ஒரு ஐரோப்பிய நிறுவனத்தையும் இந்தியன் ஏன் விழுங்க வேண்டும் என்பது செஞ்சையாவின் கேள்வி. இயேசு கொண்டுவந்தது புதிய படைப்பு, புதிய மனிதன். அலுவலகமும் கமிட்டியும் இல்லை என்பார்.

சபைத் தேர்தல் நேரத்தில் எனக்குச் செஞ்சையா ரொம்பச் சரியாகப் படுவார். போஸ்டர், கோஷ்டி, கோர்ட் ஸ்டே எல்லாம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை நானே முடிவு செய்கிறேன். பிடிக்காதவன் வரமாட்டான். என்னைக் கடன் கேட்டவன், என் மேல் புகார் எழுதியவன், ஸ்ருதி சேராமல் பாடும் கிழவர், யாரும் வரமாட்டார்கள். மன்னிப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம், மன்னிக்க ஆள்தான் இருக்காது. யாராவது இரண்டு மூன்று பேர், நாம் தேர்ந்தெடுக்காதவர்கள், வேண்டும். அது கோபுரம் வைத்த கோயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சபையில் அடிபட்டு வெளியே வந்தவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. அவர்கள் காயம் ஆறட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

ஞானஸ்நானம் வாங்காமல் இயேசுவைப் பின்பற்றலாமா?

பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. சென்னையில் ஓ. கந்தசாமி செட்டி, போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்கிறேன், ஆனால் என் சமூகத்தை விட்டு உங்கள் சமூகத்துக்குள் வர மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஞானஸ்நானம் என்பது கடவுளிடம் போவதா, ஒரு சாதியிலிருந்து இன்னொரு சாதிக்குப் போவதா என்ற சந்தேகம் அதில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியது நாம்தான்.

இன்றும் வெள்ளிக்கிழமை பொட்டு வைத்த பெண்கள் ஜெபக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் தெரிந்தால் பிரச்சினை. அவர்களைப் பார்த்து ‘ரகசியக் கிறிஸ்தவர்’ என்று முகம் சுளிக்கும் தகுதி, ஐந்து தலைமுறையாக எந்த நஷ்டமும் இல்லாமல் கிறிஸ்தவனாக இருக்கும் எனக்கு இல்லை.

சட்டமும் இதற்குள் நுழைகிறது. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள். தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். ஆக, மகனின் கல்லூரி இடமா, ஞானஸ்நானமா என்று ஒரு தகப்பன் யோசிக்க வேண்டியிருக்கிறது. சபையில் சாதி போகவில்லை, சான்றிதழில் மட்டும் போய்விடுகிறது. இதில் அவர் சான்றிதழைப் பத்திரப்படுத்தினால் அதை அவிசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஞானஸ்நானம் வேண்டும் என்றே நினைக்கிறேன். தண்ணீரில் இறங்குவது வெளிப்படையான காரியம், வெளிப்படையாக நிற்பதில் ஒரு பலம் இருக்கிறது. ஆனால் எப்போது என்பதை அடுத்தவர் கைக்கடிகாரம் சொல்ல முடியாது.

பொட்டு, பூ, நகை, பொங்கல்?

வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். பொங்கலன்று வீட்டில் பொங்கி, அறுப்பின் பண்டிகையன்று கோயிலில் நெற்கட்டு வைத்தால் இரண்டுக்கும் நன்றி கேட்கிறவர் ஒருவர்தான். நகை கழற்றச் சொல்லும் சபைகளில் காணிக்கைப் பெட்டியில் மோதிரம் விழுந்தால் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்கிறாரே பாஸ்டர்?

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுக்காதவர்களைக் கண்டிக்கும் மல்கியா 3-ஐ வாசிப்பார். மத்தேயு 23:23-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். புதினாவிலும் வெந்தயத்திலும் பத்தில் ஒன்று கணக்காகக் கொடுத்துவிட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு அங்கே என்ன சொல்கிறார் என்று பாருங்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். பயந்து கொடுக்காதீர்கள்.

ஜெபிக்க முடியவில்லை. கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. வெளியே சொன்னால் விசுவாசம் இல்லாதவன் என்பார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் வருஷக்கணக்காகப் பாடகர் குழுவில் இருந்தவர். மெதுவாக, யாருக்கும் கேட்காமல் கேட்டார். நானும் மெதுவாகத்தான் பதில் சொன்னேன்: எனக்கும் உண்டு.

எனக்கு ஒரு முழு வருஷம் அப்படிப் போனது. பைபிளைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும். அப்போது கை கொடுத்தவை இரண்டு. ஒன்று 88-ஆம் சங்கீதம். மற்றச் சங்கீதங்கள் அழுதாலும் முடிவில் கொஞ்சமாவது தேறும். இது தேறாது, இருட்டிலேயே முடிந்துவிடும். இப்படி ஒன்றை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள், பொய் சொல்லாத ஜெபத்துக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள் என்று பட்டது.

இன்னொன்று இயேசுவின் சீடர் தோமா. சந்தேகப்பட்டவன் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியவரைத்தான் நாம் பரங்கிமலையில் கொண்டாடுகிறோம். யோவான் 11-ல் இயேசு ஆபத்தான இடத்துக்குத் திரும்பிப் போகக் கிளம்பும்போது, அவரோடு சாவதற்கு நாமும் போவோம் வாருங்கள் என்று மற்றவர்களைக் கிளப்புகிறவர் இதே தோமாதான். அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. அவருடைய சந்தேகத்தைப் பற்றி நாற்பது கேட்டிருக்கிறேன்.

ஜெபம் வராத நாட்களில் கோயிலுக்குப் போய் மற்றவர்கள் ஜெபிப்பதற்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அச்சடித்த ஜெபப் புத்தகம் அப்போதுதான் எனக்குப் பிடித்தது. என்னிடம் சொந்த வார்த்தை இல்லாதபோது அது கடன் கொடுத்தது. மரபைத் திட்டி ஆரம்பித்த நான் இங்கே வந்து நிற்கிறேன், என்ன செய்ய?

வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

கொள்கை விளக்கம் கொடுக்காதீர்கள். அப்பாவுக்குச் சபை என்பது அவர் தகப்பனார் கல் சுமந்து கட்டிய கட்டடம். அதைப் போலி என்றால் தாத்தாவைப் போலி என்றதாகத்தான் அவர் காதில் விழும். ‘அப்பா, உங்களுக்கு எப்போதாவது கடவுள் ரொம்பப் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்திருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் என் அப்பாவிடம் அவருடைய 71-ஆவது வயதில்தான் கேட்டேன். கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அதுவரை அவரைச் சபைப் பொருளாளர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். யாருடைய விளக்கமும் இல்லாமல் ஒரே மூச்சில் வாசியுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் இயேசு யார் யாரோடு சாப்பிடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் கடந்த ஒரு வருஷத்தில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று இன்னொரு பட்டியல்.

எங்கள் ஊர் அசனத்தில் பந்தி ஒன்றானது சில வருஷங்களுக்கு முன்னால்தான். புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. புதிதாக வந்த ஐயர் முதல் பந்தியில் உட்காராமல், கிழக்குத் தெருக்காரர்கள் வரும்வரை காத்திருந்தார். அவர்களோடு வரிசையில் போய் நின்றார். தட்டு இல்லாமல் நின்ற ஐயரைப் பார்த்துக் கமிட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் எல்லாருக்கும் பாய் விரித்தார்கள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, இரண்டு குடும்பம் அந்த வருஷம் சாப்பிடாமல் போனது. அடுத்த வருஷம் ஒரு குடும்பம் திரும்பி வந்தது.

போன தடவை நான் குழம்பு வாளியோடு போனபோது கிழக்குத் தெருப் பாட்டி ஒருத்தி பந்தியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் தூக்குச்சட்டியையும் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாள். இலையில் ஊற்றினேன். சட்டி மூடியைத் திறந்து நீட்டினாள்.

“இதுலயும் கொஞ்சம் ஊத்துய்யா, பேரனுக்கு.”